மச்சான் மலையிறங்கி வருகிறார்: பைசனா, டியூடா?

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலைவிடப் பெரிய பஞ்சாயத்து, எந்தப் படத்துக்குப் போவது என்பதுதான். 2025 தீபாவளிக்கு அது வழக்கத்தைவிட முற்றிவிட்டது. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் மூன்று படம். மாரி செல்வராஜ் இயக்கத்தில் துருவ் விக்ரம் நடித்த 'பைசன் காளமாடன்'. கீர்த்தீஸ்வரன் என்கிற புது இயக்குநரின் 'டியூட்', பிரதீப் ரங்கநாதனும் மமிதா பைஜுவும் ஜோடி. ஹரிஷ் கல்யாணின் 'டீசல்'. கையிலோ ஒரு படத்துக்குத்தான் காசு. நான் சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வெள்ளி கிலோ 2 லட்சம் வரைக்கும் ஏறிவிட்ட தீபாவளி அது. கொலுசு பார்க்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, "அப்புறமா வர்றோம்ங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய தீபாவளி.

இதில் மச்சான் வேறு வருகிறார். என் மனைவியின் அண்ணன். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரி. வருஷத்துக்கு ஒரே ஒரு படம்தான் தியேட்டரில் பார்ப்பார், அதுவும் தீபாவளியை ஒட்டி எங்கள் செலவில். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, படம் பார்த்து, இருட்டுவதற்குள் மேலே போகிற பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வரும்போது ஒரு பை காபித்தூள், ஒரு பொட்டலம் மிளகு, பழுத்தும் பழுக்காத பட்டர் புரூட் நாலைந்து கொண்டுவருவார். பதிலுக்கு நாங்கள் தருவது ஒரு மத்தியானச் சாப்பாடும் ஒரு சினிமாவும். 2024ல் 'அமரன்' பார்த்தார். கடைசிக் காட்சியில் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தி" என்றார். ஏசி தியேட்டரில்.

அதனால் இந்த முறை ஆளைத் தப்பான படத்துக்குக் கூட்டிப்போனால் அடுத்த வருஷம் வரை சொல்லிக்காட்டுவார். என் மனைவியாவது மறந்துவிடுவாள், மச்சான் மறக்க மாட்டார்.

"பெரிய படம்னா தியேட்டரு, சின்னப் படம்னா நாலு வாரம் பொறு" என்று ஊரே சொல்லும். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். நாலு வாரக் கணக்கில் தப்பும் இல்லை. 'மகாராஜா' 2024 ஜூன் 14ல் வந்தது, ஜூலை 12ல் நெட்பிளிக்ஸில் வந்துவிட்டது. 'கூலி' 2025 ஆகஸ்ட் 14ல் வந்தது, செப்டம்பர் 11ல் பிரைமில். எண்ணிப் பாருங்கள், இரண்டும் சொல்லிவைத்த மாதிரி 28 நாள். 'தக் லைஃப்' எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு வரும் என்று படம் வரும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஜூன் 5ல் வந்த படம் ஜூலை 3ல் எங்கள் வீட்டு டிவியில் ஓடியது. அதுவும் 28 நாள்தான். பொறுத்தவனுக்குக் காசு மிச்சம், பாப்கார்ன் மிச்சம், பார்க்கிங் மிச்சம்.

படம் மிஞ்சுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. 'மெய்யழகன்' பார்த்த பிறகு வந்த சந்தேகம்.

2024 செப்டம்பரில் அந்தப் படம் வந்தபோது மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம்தான் குறைவு. நீளம் நீளம் என்று பேச்சு எழுந்ததும் சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டினார்கள். ரெண்டு ஆள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிற படத்துக்கு எதற்குத் தியேட்டர் என்று நான் விட்டுவிட்டேன். ஓடிடியில் வந்ததும் வீட்டில் போட்டோம். அரவிந்த்சாமி தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார், கார்த்தி 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார், இவருக்கோ அந்த ஆள் யார் என்றே தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். அந்த இடத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. மனைவி எழுந்தாள், படத்தை நிறுத்தினோம். திரும்பப் போட்டதும் பட்டறைப் பையன் போன். பிறகு அம்மா தூங்கிவிட்டாள். மகள், "இவங்க ஏம்ப்பா பேசிக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தோம். ஒரு பெயர் ஞாபகத்துக்கு வராமல் ஒரு மனுஷன் விடிய விடியத் தவிக்கிறான். அந்தத் தவிப்பை நாங்கள் வெண்டைக்காய் மாதிரி மூன்று துண்டாக நறுக்கிவிட்டோம். கடைசியில் அவர் போனில் கேட்கிற இடம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மைதான். முழுசாக அடைக்க வேண்டியது, பாதிதான் அடைத்தது.

'மகாராஜா'வுக்கு வீட்டில் ஒன்றும் குறையவில்லை. "இது முன்னாடி நடந்ததா, பின்னாடி நடந்ததாடா?" என்று அம்மா கேட்கக் கேட்க, பின்னால் தள்ளிப் போட்டுக் காட்டினேன். முடிச்சு அவிழ்கிற படத்துக்கு ரிமோட் ஒத்தாசைதான். ஆக, படம் பெரிசா சின்னதா என்பதை விட்டுவிட்டு, கையில் ரிமோட் இருந்தால் எத்தனை தடவை நிறுத்துவோம், நிறுத்தினால் படம் தாங்குமா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எல்லோரும் தியேட்டரில்தான் பார்க்கணும் என்று அடித்துச் சொன்ன பெரிய படங்கள் எனக்குக் கொடுத்த பாடமும் இருக்கிறது. 'கங்குவா'வுக்குச் சத்தம் தாங்கவில்லை என்று ஊரெல்லாம் புகார் போய், ஒலியை ரெண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பட்டறையில் நாள் பூரா தட்டுகிற சத்தத்தில் இருக்கிறவன் நான், எனக்கே காது அடைத்தது.

'கூலி' கதை வேறு மாதிரி. அம்மா ரஜினி பைத்தியம். அந்தக் காலத்துத் தரை டிக்கெட் ரசிகை. மகனுடைய கூட்டாளிகள் விடியற்காலைக் காட்சிக்காக 200 கிலோமீட்டர் தாண்டி பெங்களூர் போனார்கள், இங்கே 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாதே. நாங்கள் நிதானமாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மால் தியேட்டரில் நாலு டிக்கெட் போட்டோம். அம்மா, மனைவி, எட்டாவது படிக்கிற மகள், நான். அம்மா மைசூர் சில்க் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் டிக்கெட் பார்க்கிற பையன் மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சார், ஏ சர்ட்டிபிகேட்டு." நான் கவனிக்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, போனில் டிக்கெட் போடும்போது அந்த எழுத்து பளிச்சென்று தெரியத்தான் செய்திருக்கும். அவனோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, அவன் வேலையை அவன் செய்கிறான். அம்மாவும் மனைவியும் உள்ளே போனார்கள். நானும் மகளும் வெளியே வந்து ரோட்டோரக் கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் கேரட் துருவலும் சட்னியும் வைத்து அந்த அக்கா அமுக்குகிற அழகைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கு மூன்று செட். பிறகு நொறுக்கல். பிறகு கரும்புச் சாறு. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம் அது, எவ்வளவுதான் சாப்பிடுவது? அம்மா வெளியே வந்து சொன்னாள், "ரஜினி நல்லாருக்கார், மத்ததெல்லாம் ஒரே ரத்தம்." மகள் இன்றைக்கும் அதைத்தான் தான் போன படங்களிலேயே சிறந்தது என்கிறாள்.

இப்போதெல்லாம் டிக்கெட் போடும் முன் முதலில் பார்ப்பது சான்றிதழை. முன்பு வெறும் யு/ஏ. இப்போது 7, 13, 16 என்று வயசு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அந்த எண் பெற்றோருக்கான எச்சரிக்கை, வாசலில் தடுக்க மாட்டார்கள். ஏ என்றால் தடுப்பார்கள். பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துத் திருந்திக்கொள்ளலாம்.

2025 மே 1ல் இன்னொரு தடவை கோட்டை விட்டேன். அன்றைக்கு 'ரெட்ரோ'வும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒன்றாக வந்தன. சூர்யா படம், கார்த்திக் சுப்பராஜ் படம் என்று 'ரெட்ரோ'வுக்குப் போனோம். முதல் பாதியில் அந்த ஒரே மூச்சில் எடுத்த கல்யாணப் பாட்டு பிரமாதம். பிறகு தீவுக்குப் போனதும் எனக்குக் கதை கைநழுவிவிட்டது. சசிகுமார், சிம்ரன் படம் 'நாலு வாரத்தில் வரும்' பட்டியலில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தடவை சொன்ன பிறகு மூன்றாவது வாரம் ஒரு பழைய தியேட்டரில் போய்ப் பார்த்தோம். ராமேஸ்வரத்தில் படகில் வந்து இறங்கும் இலங்கைக் குடும்பம், சென்னையில் ஒரு காலனி. அவ்வளவுதான் கதை. அந்தச் சின்னப் பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தியேட்டரே குலுங்கியது. முன் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா திரும்பி என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அதை வீட்டில் எந்த டிவி தரும்?

சரி, தீபாவளிக்கு வருவோம்.

'டீசல்' பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வடசென்னை, கச்சா எண்ணெய்த் திருட்டு, மீனவர்கள். ஹரிஷ் கல்யாண் 'பார்க்கிங்', 'லப்பர் பந்து' என்று எனக்குப் பிடித்த ரெண்டு படம் தந்தவர்தான். ஆனால் மூன்று நாளில் அக்கம்பக்கம் யார் வாயிலும் அந்தப் படம் வரவில்லை. நான் பார்க்கவும் இல்லை, அதனால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். பட்டியலில் இருந்து முதலில் விழுந்தது அதுதான்.

மிச்சம் ரெண்டு. 'டியூட்' பக்கம் பேச வேண்டியது எல்லாமே இருந்தது. ரெண்டே கால் மணி நேரம் சொச்சம், மச்சான் பஸ்ஸுக்குத் தோது. சாய் அபயங்கரின் பாட்டு மகள் வாயிலேயே குடியிருந்தது. வெட்டு குத்து அதிகம் இல்லை என்று மனைவி விசாரித்து வைத்திருந்தாள். மகன் வெள்ளிக்கிழமையே கூட்டாளிகளோடு பார்த்துவிட்டு வந்து, "செம ஜாலிப்பா, சரத்குமார் கலக்கிட்டாரு" என்றான்.

"அப்ப மாமாவ அதுக்கே கூட்டிட்டுப் போயிரலாமா?" என்று கேட்டேன்.

பையன் முகம் மாறியது. "மாமாவையா? டியூடுக்கா? வேணாம்பா."

ஏன் என்று நோண்டியதில் கதை வெளியே வந்தது. நாயகனும் நாயகியும் முறை. மாமன் மகள். சின்ன வயசிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். அவள் வந்து காதலைச் சொல்ல, இவன் மறுக்க, பிறகு அவளுக்கு வேறு ஒருவன்மேல் மனசு போக, சாதி வெறி பிடித்த மந்திரி மாமனாக சரத்குமார். எங்கள் வீட்டு நிலவரம் என்னவென்றால், மச்சானின் மகள் சேலத்தில்தான் காலேஜ் படிக்கிறாள். அவளும் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வருகிறாள். பிறந்த நாளிலிருந்து என் அம்மா அவளை "எம் பேரனுக்குப் பொண்டாட்டி" என்று கூப்பிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரெண்டும் அதைக் கேட்டு நெளிந்து, ஒரு வழியாக அம்மா நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் படத்தை ஒரே வரிசையில் உட்கார்ந்து, நடுவில் மச்சானை வைத்துக்கொண்டு பார்ப்பதா? சினிமா விமர்சனத்தில் எவரும் எழுதாத காரணம். எங்களுக்கு அதுதான் பெரிய காரணம்.

'பைசன்' பக்கம் பார்த்தால் இடைஞ்சல் ஏராளம். ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். ரத்தம். தொண்ணூறுகளின் தெற்கத்தி ஊர்ப் பகை. மனைவி, "நல்ல நாளும் அதுவுமா வெட்டுக்குத்தா?" என்றாள். ஆனால் அது கபடிக்காரன் கதை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டி எடுத்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். மச்சான் நாகலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கபடி ஆடியவர். முழங்கால் போன பிறகுதான் தோட்டத்து வேலை. மணத்தி கணேசன் என்ற பெயரைச் சொன்னதும் போனில் அவர் குரலே மாறிவிட்டது. "அவரு நம்ம ஆளுங்க மாப்ள, கபடிக்காரங்க எல்லாருக்கும் நம்ம ஆளு."

என் ரிமோட் கணக்கிலும் 'பைசன்'தான் வந்தது. வீட்டில் போட்டால் முதல் வெட்டிலேயே மனைவி சேனலை மாற்றச் சொல்வாள், மகள் எழுந்துபோவாள், படம் அத்தோடு சரி. 'டியூட்' எத்தனை தடவை நின்றாலும் எழுந்து ஓடும்.

எங்கே பார்ப்பது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. மால் தியேட்டரில் 190 ரூபாய், ஆளுக்கு அதோடு ஆன்லைன் கட்டணம், பிறகு உள்ளே போனதும் பாப்கார்ன் என்ற வழிப்பறி. சீட்டும் சத்தமும் ஒன்றாம் தரம், மறுக்கவில்லை. செப்டம்பர் 22லிருந்து 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, அதற்கு மேலே போனால் பழைய 18தான். அந்தச் சலுகை ஒற்றைத் திரை தியேட்டர்காரனுக்கு உதவலாம், மால் பக்கம் அதன் வாசனையே கிடையாது. நாங்கள் செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு பழைய தியேட்டர் ஒன்றில் கவுண்டரில் வாங்கினோம். பால்கனி. ரெண்டு சீட்டில் மெத்தை உள்வாங்கியிருந்தது, ஒன்றில் நான் உட்கார்ந்தேன். அம்மா வரவில்லை. "ரஜினி இருந்தா சொல்லு" என்றுவிட்டாள்.

படம் எப்படி என்றால், எனக்குப் படத்தின் நாயகன் பசுபதிதான். மகன் ஆடக் கூடாது என்று தடுக்கிற அப்பன். கோபக்கார அப்பனாக வந்து போயிருக்கலாம், அவர் அதைப் பயந்த அப்பனாக மாற்றிவிட்டார். வெளியே போன பிள்ளை உயிரோடு திரும்புமா என்கிற பயம் அந்தக் கண்ணிலேயே கிடக்கிறது. துருவ் அதிகம் பேசவில்லை, உடம்பால் பேசிவிட்டார். அமீர், லால் ரெண்டு பேரின் பகையும் நடுவில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் இன்னும் ரெண்டு கபடி ஆட்டம் காட்டியிருக்கலாம். காதல் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. மகள் வெட்டுக் காட்சிகளில் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், ஆட்டம் வந்ததும் சீட்டு நுனிக்கு வந்துவிட்டாள். நல்ல நாளும் அதுவுமா என்று கேட்ட என் மனைவி, பி.டி. வாத்தியார் பையனுக்காக அப்பனிடம் வந்து பேசும் இடத்தில் அழுதாள்.

மச்சான் இடைவேளையில் டீ வேண்டாம் என்றார். படம் முடிந்தும் பேசவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ்ஸுக்காக நிற்கும்போது திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்ள, அந்த ஜப்பான் ஆட்டத்துல ஒருத்தன் புடிக்கிறான் பாத்தீங்களா? அப்படிப் புடிச்சா வுட்டுட்டுப் போயிருவான். கால நீட்டுங்க." நான் நீட்டினேன். குனிந்து என் கணுக்காலைப் பிடித்தார். ஆயிரம் கணுக்காலுக்குக் கொலுசு செய்தவன் நான், என் கணுக்காலை எவரும் அப்படிப் பிடித்ததில்லை. அசைக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. "இதான் புடி" என்று விட்டுவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார். பஸ் வந்தது.

'டியூட்' நவம்பர் 14ல் நெட்பிளிக்ஸில் வந்தது, அதே 28 நாள். 'பைசன்' அடுத்த வெள்ளி, 21ல். 'டியூட்'டை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். நாலு தடவை நிறுத்தினோம், படம் தாங்கியது. மமிதா பைஜு வருகிற இடமெல்லாம் படம் தானாக ஓடுகிறது. சரத்குமார் சிரிக்கச் சிரிக்க வந்து திடீரென்று முகத்தை மாற்றும் இடம் உண்மையிலேயே நடுக்கியது. ரெண்டாம் பாதியில் நாயகன் செய்கிற தியாகத்துக்கு ஒரு அளவில்லை, எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. சாதியை நகைச்சுவைக்குள் பொதிந்து காலேஜ் பிள்ளைகளுக்குக் கொடுத்த விதத்தில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒன்று மட்டும் என் கணக்கில் உதைத்தது. மகன், "இந்த இடத்துல தியேட்டரே கத்துச்சுப்பா" என்று சொன்ன இடங்களில் எங்கள் கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. சிரிப்புப் படத்துக்குக் கூட்டம் வேண்டும் என்பதை 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் கற்றும் மறந்திருக்கிறேன். ஆகவே இருபது வயசுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள் என்றால் 'டியூட்' தியேட்டருக்குத்தான் போயிருக்க வேண்டும், 'பைசன்' அவர்களுக்குப் பொறுக்கும். மச்சான் மாதிரி ஒருவரைக் கூட்டிப்போனால் நான் இப்போதும் 'பைசன்'தான் என்பேன்.

கடைசிக் கட்டத்தில், மாமனும் மருமகனும் எதிரெதிரே நிற்கும்போது போன் அடித்தது. ஏற்காட்டிலிருந்து மச்சான்.

"மாப்ள, டியூடு பாத்தீங்களா?"

"இப்பத்தான் ஓடுது மச்சான்."

"இங்கயும் ஓடுது. புள்ள போன்ல போட்டுக் குடுத்தா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவ இத தீபாவளி வெள்ளிக்கிழமையே தியேட்டர்ல பாத்துட்டாளாம். நம்ம பையனும் அன்னிக்குத்தான பாத்தான்?"

"ஆமா மச்சான். கூட்டாளிங்களோட."

"அதான் கேக்கறேன். எந்தக் கூட்டாளிங்க?"

நான் திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.